கொட்டிய சீனமும் கொட்டாத நார்வேயும்

1. இரும்புக்கு ஏது பாஷை?

பீர்மேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சீன பாஷை முழுவதையும் நான் தரையில் கொட்டினேன்.

கூட்டிச் சொல்வது என் வழக்கம்தான். ஆனால் இதில் கூட்டல் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீன எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனி ஈயக் கட்டை, சிமெண்ட் தரையில் ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்தன.  மழை நின்றபோது தரையில் கால் வைக்க இடமில்லை.

ஐம்பதுகளில் பாலக்காட்டில் என் மாமுவின் டைப்ரைட்டர் ரிப்பேர் கடையில் நான் மெக்கானிக். பீர்மேட்டுக்காரர் ஒருவர் வந்து, அங்கே பங்களாவில் ஒரு நார்வே மதாம்மா இருக்கிறார், அவரிடம் இரண்டு மெஷின் மக்கர் பண்ணுகிறது, ஒன்று நார்வே பாஷை, ஒன்று சீனம் என்றார். நான் மாமுவைப் பார்த்தேன்.

"என்னடா சலீமு முழிக்கிறே? இரும்புக்கு ஏது பாஷை? கவுத்துப் போடு, மண்ணெண்ணெய்ல கழுவு, எண்ணெய் விடு. எந்த ஊரு மெஷினும் பேசும்."

எங்கள் கடையின் வேதம் அது. எந்த மெஷின் வந்தாலும் முதல் வேலை கவிழ்ப்பது. கவிழ்த்தால் குண்டூசி, ரப்பர் தூள், பல்லி முட்டை எல்லாம் விழும். பாதி ரிப்பேர் அதிலேயே முடிந்துவிடும்.

2. மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லும் ஆமாம்

மதாம்மா நர்ஸ். இருபது வருஷம் சீனாவில் ஓர் ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தியவர். அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்து, உடம்பு தேற இந்த மலைக்கு வந்திருந்தார். அவரிடம் படித்த சீனத்து நர்ஸ்கள் சிலர் இப்போது பினாங்கில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேறு பார்க்கும் முறையைச் சீனத்தில் ஒரு புத்தகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை அவருக்குத் தெரிந்த ஒருவர் கொச்சியில் கப்பல் ஏறுகிறார், அவர் கையில் புத்தகம் போயாக வேண்டும்.

இதையெல்லாம் அவர் இங்கிலீஷில் சொன்னார். குரல் வண்டிப்பெரியார் ரோடு மாதிரி ஏறி, வளைந்து, இறங்கியது.

"வியாழனுக்குள்ள ஆகணுமா, மேடம்?" என்றேன்.

முள் குத்தியதுபோல் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்தார். நான் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினேன். சமையல் பார்க்கும் முத்தம்மா வழி மறித்தார்.

"எங்க ஓடுதிய பாய்? அவுக 'ஆமா'ன்னு சொல்லுதாவ. அவுக ஊர்ல அப்பிடித்தானாம். நானும் மொத நாளு உசுரு போவுதுன்னு நெனச்சி வாயில சர்க்கரையப் போட்டேன்."

நார்வே மெஷினில் இங்கிலீஷை விட மூன்றே எழுத்து அதிகம். ஒட்டிப் பிறந்த இரட்டை ஒன்று, வயிற்றில் கோடு விழுந்த வட்டம் ஒன்று, தலையில் வளையம் வைத்தது ஒன்று. கவிழ்த்தேன், கழுவினேன், எண்ணெய் விட்டேன். ஒரு மணி நேரத்தில் எழுத்தடிக்கும் டைப்பார் கம்பிகள் எல்லாம் குதிரை மாதிரி ஓடின. மதாம்மா கைதட்டிவிட்டு ஞாயிறு சர்ச்சுக்கு ஜீப்பில் கிளம்பிப் போனார்.

அந்தக் கைதட்டல்தான் எனக்கு எமன். சீன மெஷினில் கீபோர்டே கிடையாது. பெரிய தட்டில் கட்டம் கட்டமாக எழுத்துக் கட்டைகள் நிற்கும். வேண்டிய எழுத்துக்கு மேலே கைப்பிடியைக் கொண்டுபோய் அமுக்கினால், ஒரு கொக்கி அதைத் தூக்கிக் காகிதத்தில் அடித்துவிட்டுத் திரும்ப அதே கட்டத்தில் வைக்கும். இதை எனக்கு மதாம்மா விளக்கியது அன்று மாலை. நான் கவிழ்த்தது அன்று காலை.

3. சுளகில் சீனம்

சத்தம் கேட்டு முத்தம்மா வந்து நின்றார்.

"என்னத்தவே கொட்டினிய?"

"சீனாவை, முத்தம்மா."

அவர் சிரிக்கவில்லை. முன்பு டீ ஃபாக்டரியில் தூளிலிருந்து குச்சி பொறுக்கியவர். தரையை ஒரு பார்வை பார்த்தார். "அழாதிய. ஞாயித்துக்கிழம, லயத்துல புள்ளைகள்லாம் சும்மாதான் இருக்கும்." பத்து நிமிஷத்தில் லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் கூலிவீட்டு வரிசையிலிருந்து, குச்சி பொறுக்கும் பெண்கள் நாலு பேர் சுளகு என்று அவர்கள் சொல்லும் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

மெஷின் மூடியின் உள்பக்கம் கட்டங்களின் அச்சடித்த படம் ஒட்டியிருந்தது. ஆனால் கட்டையில் எழுத்து இடவலம் மாறி இருக்கும். நான் ஒவ்வொரு கட்டையாக முகக்கண்ணாடியில் காட்டிப் படத்தோடு ஒப்பிட்டேன். முப்பது முடித்ததும் கண் இருட்டியது.

முத்தம்மா கண்ணாடியைப் பிடுங்கினார். "ஏன் பாய், ஒவ்வொண்ணுக்கா மூஞ்சி காட்டணும்? அந்தப் படத்த ஒரு தடவ கண்ணாடிக்குக் காட்டினா அதுவே திரும்பிராதா?"

திரும்பிவிட்டது; கட்டம் எங்கே என்பதை மட்டும் நேர்ப்படத்தில் எண்ணிக்கொண்டோம். கடை வேதத்தில் இது கிடையாது. பெண்கள் உருவத்தை வைத்து ஒவ்வொரு எழுத்துக்கும் பெயர் சூட்டிவிட்டார்கள்.

"ஏ மூணு காலு, கூரை உள்ளது யாருகிட்ட இருக்கு?"

"இந்தா. ஏணி சாத்தினது ரெண்டு கெடக்கு, எது ஒங்களுக்கு?"

நாலு மணிக்கு அறுநூறு கட்டை ஏறியிருந்தது. அப்போதுதான் ஜீப் வந்தது. வாசலில் மதாம்மா. தரையில் ஐந்து பெண்கள், சுளகுகள், கண்ணாடி, நடுவில் நான் மண்டியிட்டு. 'ஹா' என்று மூச்சை இழுத்தார். இந்த முறை அது ஆமாம் இல்லை.

தட்டின் வரிசைகளில் விரலை ஓட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "படத்துப்படி சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது கம்பெனி வைத்த ஒழுங்கு. நான் என் வேலைக்கு ஏற்ப மாற்றி வைத்திருந்தேன். தாய்க்குப் பக்கத்தில் குழந்தை, வெந்நீருக்குப் பக்கத்தில் துணி."

எனக்குப் பாலக்காடு பஸ் எத்தனை மணிக்கு என்று ஞாபகம் வந்தது. முத்தம்மாவிடம் மதாம்மா சொன்னதைத் தமிழில் சொல்லிவிட்டு, "நான் போகட்டுமா?" என்றும் கேட்டேன்.

"போவியளோ? ஒக்காரும்வே. கேளும் அவுககிட்ட, அந்தக் கடைசிப் பாடத்துக்கு அம்புட்டும் வேணுமா, கொஞ்சம் போதுமான்னு."

கேட்டேன். மதாம்மா நிமிர்ந்தார். கணக்குப் பார்த்தால் முந்நூறுக்குள்தான் வேண்டியிருந்தது. எந்தெந்த எழுத்து என்று தெரிய உடனே அத்தியாயத்தைக் கையால் எழுத உட்கார்ந்தார்.

4. மண்தாய்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லயத்துப் பெண்கள் வேலை விட்டதும் நேரே பங்களாவுக்கு வந்தார்கள். மதாம்மா எழுத்தைக் காட்டுவார், கட்டையைத் தேடி எடுப்பார்கள், கூடவே அர்த்தமும் கேட்பார்கள். அப்படித்தான் எனக்கு இரண்டு பாஷையும் கொஞ்சம் பிடிபட்டது.

மருத்துவச்சிக்கு நார்வேயில் மண்ணையும் தாயையும் ஒரே சொல்லாக ஒட்டிவிடுவார்களாம், மண்தாய். சீனத்தில் பேறு பார்ப்பதற்கு இரண்டு கட்டை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று ஏந்துவது, ஒன்று பிறப்பு. நார்வே வெல்லப் பாகு ஊற்றி ஒட்டுகிறது, சீனம் கல்லுக்குப் பக்கத்தில் கல் வைக்கிறது. இரண்டுமே பாடும் பாஷைகள். ஆனால் நார்வே ராகத்தில் தப்பினால் வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள், சீனத்தில் தப்பினால் அம்மா என்று கூப்பிட்டது குதிரை ஆகிவிடும். மதாம்மா அம்மாவையும் குதிரையையும் சொல்லிக் காட்ட, பெண்கள் ஐவரும் ஒரே கூச்சலாகத் திருப்பிச் சொன்னார்கள். முத்தம்மாவுக்கு மட்டும் இரண்டும் சரியாக வந்தன. எனக்கு இரண்டும் குதிரையாகவே வந்தன.

"கை களுவுறது எங்க இருக்கு?" என்று முத்தம்மா கேட்டார். மதாம்மா தட்டின் ஓரத்தைக் காட்டினார். "அத ஏன் கடைசியில வச்சிய? புள்ள பக்கத்துல வையுங்க. அதுக்குப் பெறவுதான தொடணும்?" நான் மொழிபெயர்த்தேன். மதாம்மா அந்தக் கட்டைகளை எடுத்துக் குழந்தைக்குப் பக்கத்தில் நட்டார்.

புதன்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கம் மெஷினை விட்டு வெளியே வந்தது. வியாழக்கிழமை புத்தகம் கப்பல் ஏறியது. மிச்சக் கட்டைகளை ஏற்றி முடித்துவிட்டு, சனிக்கிழமை நான் பஸ் ஏறினேன்.

5. ஒரு கட்டை

பாலக்காட்டில் டூல் பெட்டியைத் திறந்தால் ஸ்க்ரூ டிரைவருக்கு அடியில் ஒரு ஈயக் கட்டை.  எந்தச் சொல்லோ, அது இல்லாமல் பினாங்கில் யார் உயிருக்கு என்ன ஆகுமோ! அன்றே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

மதாம்மாவின் பதில் இரண்டே வரி: அந்த எழுத்துக்குப் புருஷன் என்று அர்த்தம். அத்தியாயம் முழுக்க ஓர் இடத்தில்கூட அது தேவைப்படவில்லை. கீழே முத்தம்மா சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதிய ஒரு வரி: அந்த நேரத்துக்கு அவன் எதற்கு?

கடிதத்தை மாமுவிடம் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்தார். "அப்போ இரும்புக்குப் பாஷை உண்டுங்கிறே?"

"இரும்புக்கு இல்லை மாமு, ஈயத்துக்கு உண்டு."

தம்பிமார்களே, அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் அதை வைத்து வேலை செய்கிறவரிடம் முதலில் ஒன்று கேட்கிறேன்: "இதில் எது எங்கே இருக்கணும்னு நீங்க வச்சிருக்கீங்க?" கவிழ்ப்பது அதற்கு அப்புறம். கவிழ்க்கும்போது கீழே ஒரு சுளகும் வைத்துக்கொள்கிறேன்.