பூஜை போட்டாச்சு, இனி உங்க வண்டி!

வாங்கும்வரை 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டவர், வாங்கிய பிறகு 'நீங்க யாரு?' என்று கேட்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நுகர்வோர் வழக்கு நடத்தும் என் போன்ற வக்கீல்களின் பிழைப்பு. தவணையில் பழைய கார் வாங்கிக் கண்ணைக் கசக்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், செல்விக்கும் இடம் கொடுங்கள்.

பொங்கிய மாவு

செல்வி ஒத்தக்கடையில் இட்லி மாவு அரைத்து விற்பவர். கோச்சடை வரைக்கும் கடைகளுக்குப் போட வேண்டும் என்று ஒரு பழைய கார் வாங்கினார். விற்ற கடைக்காரரே, தன் கடைக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ்காரரிடம் கடனும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே கோரிப்பாளையம் சிக்னலில், உச்சி வெயிலில் கார் நின்றுவிட்டது. ஹாரன் மட்டும் தானாக அலறியது. பின்னால் இருந்த பஸ்காரர் இறங்கி வந்து திட்டினார். அதற்குள் மாவு புளித்துப் பொங்கி, பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. என் ஆபீசுக்குள் நுழைந்தபோது புடவையெல்லாம் மாவு. அழப் போகிறார் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். அவர் சொன்னார்: "கார் நின்னுருச்சுக்கா, மாவு நிக்கல."

மல்லிகை சென்ட்

வாங்கிய அன்று காருக்குள் மல்லிகை சென்ட் கமகமத்ததாம். நாள் போகப் போக சென்ட் மங்கி, ஈரச்சாக்கு நாற்றம் கிளம்பியது. மெக்கானிக் கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு. நம்பரோ சென்னை நம்பர். சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரைத் துடைத்து, சென்ட் அடித்து, மதுரைக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள்!

புதுசோ பழசோ, குறையை மறைத்து விற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. போன் போட்டு இதைத்தான் கடைக்காரரிடம் சொன்னேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "பழைய காருன்னா நாலு மழையப் பாத்துத்தான் மேடம் இருக்கும்."

கடன் யாருக்கு?

அடுத்து ஃபைனான்ஸ் ஆபீஸ். செல்வியையும் கூட்டிக்கொண்டு போனேன். "கடைக்குள்ளேயே மேசை போட்டுக் கடன் கொடுத்தீர்கள். காரைப் பார்த்து மதிப்புப் போட்டதும் உங்கள் ஆள்தான். விற்றவரைக் கேளுங்கள், அதுவரை தவணையை நிறுத்தி வையுங்கள்" என்றேன். மேனேஜர் எங்களுக்கு டீ வரவழைத்தார். சிரித்த முகம் மாறாமல் பேசினார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க கடன் குடுத்தது செல்விங்கிற ஆளுக்கு மேடம். காருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

எந்த உறவில்?

ஓடாத காருக்கு எங்கிருந்து தவணை கட்டுவது? இரண்டு மாதம் தவறியது. ஒரு காலையில் இழுவை வண்டியோடு இரண்டு பேர் செல்வியின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நோட்டீசும் இல்லை, ஒரு வார்த்தை முன்தகவலும் இல்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

இப்படித் திடுதிப்பென்று வந்து காரைத் தூக்கிப் போக எவருக்கும் அதிகாரம் கிடையாது. செல்வி போன் போட்டுச் சொன்னதும் நான் போட்ட சத்தம் பக்கத்து ஆபீஸ் வரை கேட்டிருக்கும். வந்தவர்கள் போனை வாங்கவே இல்லை. சங்கிலி மாட்டிய கையோடு கிளம்பியவர்களிடம் செல்வி கேட்டாராம்: "காருக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லன்னாரே உங்க மேனேஜரு, அப்புறம் எந்த உறவுல வந்து தூக்குறீக?"

மாலை போட்ட படம்

வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு வந்தது. "இவர் வியாபாரி, நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பித்தார். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. அது எடுபடாமல் போனதும், கார் எடுத்த அன்று கடையில் நடந்த பூஜையின் போட்டோவை நீட்டினார்.

நம் ஊரில் கார் எடுத்தால் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யார் கிளம்புவார்கள்? அந்தப் பூஜையை இந்தக் கடைக்காரர் தன் செலவிலேயே நடத்தி, "பூஜை போட்டாச்சு, இனி உங்க வண்டி" என்று சொல்லி அனுப்புவார். பக்தி என்றா நினைக்கிறீர்கள்? பூஜை போட்ட காரைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அந்த பயத்தைத்தான் அவர் விற்கிறார்.

"காரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டதற்கு இதுதான் சாட்சி. பின்னால் சொந்தபந்தம் நின்று கும்பிடுவதைப் பாருங்கள்" என்றார் வக்கீல். ஆணையத் தலைவர் செல்வியைப் பார்த்தார். செல்வி எழுந்தார். "கார் ஸ்டார்ட் ஆகல, பேட்டரி இறங்கிருக்கு, ஓட ஓடச் சரியாயிரும்னாக. பின்னாடி நிக்கிற நாலு பேரும் சாமி கும்புடலங்கய்யா, காரத் தள்ளுறாக."

அடுத்த ஆள்

தீர்ப்பு செல்விக்குத்தான். கடைக்காரர் முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, அதில் கடனை முடிக்க வேண்டும். ஃபைனான்ஸும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கார் கடைக்காரரிடமே திரும்பிப் போனது. செல்விக்குக் கடன் தீர்ந்தது, எனக்கும் நிம்மதி.

சில மாதம் கழித்துத் திருவாதவூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். தவணையில் எடுத்த கார் நடுரோட்டில் நிற்கிறதாம். போனில் படம் காட்டினார். புதுப் பெயின்ட், ஆனால் அதே நம்பர். இவ்வளவு போராடி வாங்கிய தீர்ப்பை வாசித்துவிட்டு, அந்தக் கடைக்காரர் அதே சேற்றை இன்னொருவர் தலையில் கொட்டியிருக்கிறாரே பாவி!

சாட்சி சொல்ல வர முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் செல்விக்குப் போன் போட்டேன். பட்டதெல்லாம் போதும் என்பார் என்று நினைத்தேன். "அந்தண்ணன உக்கார வைங்கக்கா, மாவு போட்டுட்டு வாரேன்."

அந்தக் கார் உருப்படியாக ஓடி நான் பார்த்ததில்லை, ஆனால் மதுரையில் அதைவிட வேகமாகக் கை மாறிய வண்டியையும் பார்த்ததில்லை.