துடக்கில் வென்ற கப்

என் அக்கா மகள் வினோஜா சித்திரை மாதமே சொல்லிவிட்டாள், இந்த வருசம் கப் தங்களுக்குத்தான் என்று. சொன்ன இடம் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் அக்கா வீட்டுக் குசினி. சொன்னதோடு நிற்கவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பிறஷர் குக்கரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அது பருப்பு அவிக்கிற சாமான். கீழை வை," என்றாள் அக்கா.

"பழகிப் பாக்கிறன் அம்மா. கப்டன்தானே முதல் தூக்கோணும்."

வினோஜாவுக்குத் தாதியர் படிப்பில் அது கடைசி வருசம். அவளுடைய கல்லூரிப் பெண்கள் அணி, மாணவர் லீக்கில் போன முறை கடைசிக்கு முந்திய இடத்தில் நின்ற அணி. கப்டனின் வாய் மட்டும் எப்போதும் முதலிடத்தில் இருந்தது. இதை அவளுடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது. சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கிற பள்ளியில் வேலை செய்கிறவள் நான். பந்தை எடுத்து ஒளித்து வைப்பதுதான் எனக்குப் பழக்கம். ஆனாலும் வாய்க்காரப் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். பேசாமல் இருந்து தோற்பதற்கு, பேசிவிட்டுத் தோற்கலாம்.

இவள் தோற்கவில்லை. அதுதான் அதிசயம்.

தாதியர் அணிக்கு எப்போதும் ஒரே தொல்லை. ஆட்டம் என்று வந்தால் பாதிப்பேர் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நிற்பார்கள். வினோஜா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். இரவு வேலை முடித்து நேரே மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளை உடுப்பு மாற்றுகிற அறையில் படுக்கவைத்து, மேலே எல்லாருடைய குளிர்ச் சட்டைகளையும் போட்டு மூடிவிடுவாள். முதல் பாதி முழுக்க அவர்கள் நித்திரை. இரண்டாம் பாதியில் எழுப்பி இறக்கும்போது எதிரணிக்குக் களைத்துப் போயிருக்கும். வணிகக் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நித்திரையால் எழும்பி வந்த ஒருத்தியிடமே இரண்டு கோல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இலையுதிர் காலம் வந்தபோது இவர்களும் பொறியியல் கல்லூரியும் சமமான புள்ளியில் நின்றார்கள். கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிக்கும்தான். வென்றால் கப்.

அந்த நேரம் பார்த்து, கனடாவில் குலேந்திரன் அத்தானின் அண்ணர் மோசம் போய்விட்டார்.

அத்தான் வினோஜாவின் தகப்பன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். அண்ணர்தான் அவரைத் தூக்கி வளர்த்தவர், வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தவரும். செத்தவீட்டுக்குப் போய்விட்டு அண்ணரின் படத்தோடு திரும்பி வந்தார் அத்தான். அதற்குப் பிறகு வீட்டில் அவருடைய குரலே கேட்கவில்லை. தகப்பன் வழிச் சாவு என்பதால் முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை அந்த வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, மச்சமாமிசம் இல்லை, கொண்டாட்டம் இல்லை. தாய்வழிச் சித்தியான எனக்கு மட்டும் துடக்கு இல்லை.

ஆட்டம் துடக்குக்குள் வந்தது. வினோஜா தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நீங்கள் துடக்கிலையும் பஸ் ஓடுறியள்தானே? எனக்கு இதுவும் வேலை மாதிரித்தான்."

"பந்தடிக்கிறது எப்ப பிள்ளை வேலையானது?" அக்கா குசினிக்குள் இருந்து கேட்டாள். "ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?"

"ஊர்ச்சனம் கதைக்காமல் விட்ட நாள் எது?" என்று நான் இடையில் புகுந்தேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்தாள்.

அத்தான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே சொன்னார்.

"போய் விளையாடு. உன்னை நம்பித்தானே மற்றப் பிள்ளையளும் நிக்குதுகள். ஆனா கத்துறது, குதிக்கிறது, கப்பைத் தூக்கிக்கொண்டு ஆடுறது ஒண்டும் வேண்டாம். அண்ணைக்கு முப்பத்தொண்டு முடியேல்லை."

வினோஜாவின் முகம் வாடியது. அந்தக் கப்பைத் தூக்குவதைத்தானே அவள் ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"அப்ப வெல்லுவம் எண்டு நீங்களும் நினைக்கிறியள்," என்றாள்.



ஆட்டத்தன்று மழை கொட்டியது. குடும்பத்தின் சார்பில் நான் ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் பொறியியல்காரர் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு நித்திரைக்காரி ஒருத்தி எழும்பி வந்து சமப்படுத்தினாள். முடிகிற தறுவாயில் பந்து வினோஜாவின் காலுக்கு வந்தது. இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய், கோல் காப்பாளர் கையை நீட்டுவதற்குள் உள்ளே அடித்துவிட்டாள்.

அடித்தவள் திரும்பினாள். கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து வந்தாள். கட்டிப்பிடிக்க ஓடி வந்த பிள்ளைகளும் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். கோல் செல்லாதோ என்று எதிரணி நடுவரைப் பார்த்தது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன். தொண்டை அடுத்த நாள் வேலை செய்யவில்லை.

கப் கொடுத்தபோது வினோஜா அதை இடுப்பளவில் வாங்கினாள். உடனேயே பக்கத்தில் நின்ற தங்கள் அணிக் கோல் காப்பாளர் கரோலினாவிடம் கொடுத்துவிட்டாள். கரோலினா அதை ஈரக் காலுறைகளோடு பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்குத் துடக்கு, சரி. மற்றப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது?

ரயிலில் திரும்பி வரும்போது வினோஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குக் குக்கரோடையே முடிஞ்சுது சித்தி," என்றாள். பெரிய வாய்க்காரி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

முப்பத்தொன்று வந்தது. ஐயர் வந்து துடக்குக் கழித்துவிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வினோஜாவின் அணியையும் கூப்பிடச் சொன்னவர் அத்தான்தான். பிள்ளைகள் செத்தவீடு என்று நினைத்து எல்லாரும் கறுப்பில் வந்து, சப்பாத்துகளை வாசலில் குவித்துவிட்டு, படத்துக்கு முன்னால் குனிந்து கும்பிட்டார்கள். அக்கா வைத்த கத்தரிக்காய்க் கறியைக் கையால் பிசைந்து, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கரோலினா பையைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தாள். ஈரப்புல்லும் காலுறையும் கலந்த மணம் அடித்தது. உள்ளே கப், சேறு காய்ந்தபடி.

"இதேன் இன்னும் கழுவேல்லை?" என்று அக்கா கேட்டாள்.

கரோலினா அத்தானைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அணியில் இன்னும் ஒருத்தரும் அதைத் தூக்கவில்லை, படம்கூட எடுக்கவில்லை. கப்டன்தான் முதல் தூக்க வேண்டும், கப்டனின் துக்கம் முடியட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

வினோஜாவுக்கு இது தெரியாது. அவள் கப்பைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், அசையவில்லை.

அத்தான் எழும்பிப் போய்க் கப்பை எடுத்தார். தன் வேட்டித் தலைப்பால் சேற்றைத் துடைத்து, மகளின் கையில் கொடுத்தார்.

"ஐயர் துடக்குக் கழிச்சிட்டுப் போட்டார். இனி என்ன பாக்கிறாய்? தூக்கு."

அவள் தூக்கினாள். கூடத்தில் தொங்கிய விளக்கில் கப் இடித்து விளக்கு ஆடியது. என் பெறாமகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன்.

அந்த வீட்டில் முதலில் கத்தியது அத்தான்.