முதல் பேஸுக்கு இரண்டடி வெளியே

ஆத்தே சிரித்தால் இரட்டை அடுக்குக் கட்டில் ஆடும். கீழ்த்தட்டில் அவள், மேல்தட்டில் நான். ஓமானின் சலாலாவில் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த நர்சுகள் குடியிருப்பில், தேவாலயத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வந்த மதியங்களில், சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் டிவிடி போடுவாள். எப்போதும் ஒரே வகை பேஸ்பால் படம்தான். பந்து பிடிக்கத் தெரியாத ஒன்பது பேர், குடிகாரக் கோச் ஒருவன், கிழிந்த சட்டைகள். எதிரே சலவைமடிப்புக் கலையாத பணக்கார அணி. பருமனான பையன் ஒருவன் வானத்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடி வேலியில் மோதி விழுவான். ஆத்தே புரையேறச் சிரித்துவிட்டு, ரிமோட்டால் அதே இடத்துக்குத் திரும்பப் போவாள்.

ஆத்தே என்பது பெயரல்ல. பிலிப்பைன்ஸ்காரர்கள் அக்காவை அப்படி அழைப்பார்கள். எங்கள் குமரிக் கடற்கரையில் அது தேள் கொட்டினால் வாயில் வருகிற சொல். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் பேஸ்பாலின் பெண்கள் வடிவமான சாப்ட்பால் ஆடியவள். நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் மட்டும் ஏனோ அது தமிழாகவே தங்கிவிட்டது.

பேஸ்பாலின் விதிகள் எனக்குப் பாதிதான் விளங்கின. அந்தப் படங்களுக்கு அது போதும். நம் ஊர்ப் படங்களில் நாயகன் ஒருவன் வந்து எல்லோருக்காகவும் ஜெயித்துக் கொடுப்பான். இவற்றில் அப்படி ஒருவன் கிடையாது. கண்ணாடி போட்டவன், பந்துக்குப் பயந்தவன், வாயாடி, ஒன்றுக்கும் உதவாதவன் என்று எல்லோருமாகச் சேர்ந்து தட்டுத்தடுமாறி ஜெயிப்பார்கள். ஆத்தேவுக்கு அந்தத் தடுமாற்றம்தான் பிடிக்கும். எனக்குப் பிடித்தது வேறு. கடைசிப் பந்து பறந்து போனதும் எதிரணித் தலைவனின் முகத்தை இரண்டே விநாடி காட்டுவார்கள். அந்த முகம் தொங்கிப்போவதற்காகத்தான் நான் படம் முழுவதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"அந்த முகத்த இன்னொரு தடவை காட்டு ஆத்தே."

"உனக்குக் காமெடி படம் பாக்கத் தெரியல" என்பாள் அவள்.

நான் அங்கே பார்த்தது எங்கள் தலைமை நர்சான மேட்ரனின் முகம். அவர் நாகர்கோவில்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், "எங்க ஊருப் பிள்ளையில்லா, நீ ஒண்ணுக்கும் பயப்படாண்டாம் கேட்டியா" என்று சொல்லி, டப்பாவில் மீன்குழம்பு கொண்டுவந்து தந்தவர். பூசையில் என் பக்கத்தில் உட்காருவார். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்தபோது, வயதான நோயாளி ஒருவரின் முதுகைப் பார்ப்பதற்காகக் கட்டிலின் பக்கக் கம்பியை அவரே இறக்கினார். நான் அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கம்பியை ஏற்றாமலே போய்விட்டார் என்று எனக்குத் தெரியாது. கால்மணி நேரத்தில் பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணை அறிக்கையில், கம்பியை இறக்கியவள் என்று என் பெயர் இருந்தது. கீழே மேட்ரனின் கையெழுத்து. என்னை வார்டிலிருந்து எடுத்து, கருவிகளை அவித்துச் சுத்தம் செய்யும் ஸ்டெரிலைசேஷன் அறைக்குத் தள்ளினார்கள். லீவும் ரத்தானது. என் ஒரே தங்கை கழுத்தில் தாலி ஏறிய நாளில் நான் நீராவிக்குள் நின்று கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் என்னால் அந்தப் பெண்ணை 'அவர்' என்று எழுத முடியாது.

அந்த அறைக்குப் பொறுப்பு ஆத்தேதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை புதுப் படம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த குளிர்காலத்தில் மருத்துவமனையின் ஆண்டு விழா வந்தது. பிலிப்பைன்ஸ் ஊழியர்கள் கேட்டுக்கொண்டதால் பெண்களுக்குச் சாப்ட்பால் போட்டி வைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டரும் ஐசியூவும் சேர்ந்து ஒரு அணி. அதற்குத் தலைவி மேட்ரன். ஆத்தே இன்னொரு அணி சேர்த்தாள். எங்கள் அறையில் மூன்று பேர், சமையல்கட்டில் மூன்று பேர், சலவைப் பிரிவில் மூன்று பேர். சலவைப் பெண்களில் மூத்தவரை எல்லோரும் லாண்டரி அக்கா என்போம். இலங்கையின் மன்னார்க்காரர். நாற்பதைத் தாண்டியவர், கடைசியாக எப்போது ஓடினோம் என்பதே அவருக்கு நினைவில்லை. ஜெயிக்கும் அணியின் படத்தை முன்வாசல் சுவரில் மாட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். சலவைக்கும் சமையலுக்கும் பின்கேட் வழிதான். "அப்ப நாங்கள் உள்ளுக்குப் போகாட்டியும் எங்கட படம் போகும்" என்று லாண்டரி அக்கா சிரித்தார்.

கடற்கரை மணலில் இரண்டு மாதம் பழகினோம். ஆத்தே பார்த்துச் சிரித்த படங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசமே இல்லை. சமையல்காரப் பெண் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். லாண்டரி அக்கா மட்டையைக் கீழே போடாமல் கையோடு தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆத்தே மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மேட்ரன் முதல் பேஸில், அதாவது அடித்தவள் முதலில் ஓடி மிதிக்க வேண்டிய பலகையில், நிற்பாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் முதல் பேஸை நோக்கி ஓடி ஓடிப் பழகினேன்.

போட்டியன்று யாருமே எதிர்பார்க்காத விதமாகக் கடைசிவரை தாக்குப்பிடித்தோம். கடைசிச் சுற்று, ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இன்னொருத்தி அவுட் ஆனால் தோல்வி. மூன்றாம் பேஸில் சமையல்காரப் பெண், இரண்டாம் பேஸில் லாண்டரி அக்கா. மட்டை என் கையில். அந்த இருவரும் கடைசிப் பலகைக்கு வந்து சேர்ந்து, நானும் முதல் பேஸை மிதித்துவிட்டால் வெற்றி எங்களுக்கு. நான் அடித்தேன். பந்து மணலில் உருண்டு ஓடியது. அதை எடுத்தவள் முதல் பேஸுக்கு எறிந்தாள். மேட்ரன் இரண்டடி வெளியே வந்து கையை நீட்டினாள். பந்து கையுறையில் பட்டுத் தெறித்துத் தூரமாக உருண்டது.

வழி திறந்து கிடந்தது. வெள்ளைப் பலகை என் கண்ணெதிரே இருந்தது. நான் நடந்து போய் மிதித்திருந்தால்கூடப் போதும்.

அவள் பந்தைத் தேடித் திரும்பினாள். என்னைக் கண்டாள். தங்கையின் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லாத ஒவ்வொரு பக்கமும் எனக்கு ஞாபகம் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. எதுவுமே ஞாபகம் வரவில்லை. பாதையை விட்டு விலகி, தோளைத் தாழ்த்தி, நேராக அவள் மேல் போய் இடித்தேன். அவள் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு விநாடி அல்ல, வேண்டுமட்டும் பார்த்தேன்.

எக்ஸ்ரே பிரிவுப் பையன்தான் நடுவர். நேர்மையானவன். பாதை விலகி இடித்ததால் நான் அவுட், ஓட்டங்கள் செல்லாது என்றான். அதற்குள் அவர்கள் இருவரும் வந்து சேர்ந்து கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தே தொப்பியைக் கழற்றினாள், என்னைப் பார்த்தாள், சிதறிக் கிடந்த மட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

எல்லோரும் விபத்து என்றுதான் நினைத்தார்கள். பத்தாம் நாள் மேட்ரன் கட்டுப்போட்ட கையோடு எங்கள் அறைக்கு வந்தாள். உள்ளே நான் மட்டும் இருந்தேன்.

"வேணும்னேதான இடிச்ச?"

"ஆமா."

கொதிகலன் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தக் கம்பிய எறக்குனது நாந்தான். ஏத்த மறந்துட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைய படிக்குதுவ. உனக்குச் சின்ன வயசு, எப்படியும் சமாளிச்சுக்கிடுவேன்னு நெனச்சேன், கேட்டியா."

"அத எழுதிக் குடுங்க மேடம்."

அவள் வலது கைக் கட்டைத் தூக்கிக் காட்டினாள். "எந்தக் கையால எழுத?"

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அவள் எழுதித் தரவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை நான் அந்த நீராவிக்குள்தான் இருந்தேன்.

மேட்ரன் வந்துபோன அன்றே ஓடிப் போய் ஆத்தேவிடம் சொன்னேன். "அவ ஒத்துக்கிட்டா ஆத்தே! அவ வாயாலயே சொன்னா!"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நல்லது. உனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. மத்த எட்டுப் பேருக்கு?"

அதற்குப் பிறகும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே கட்டிலில் மேலும் கீழும் தூங்கினோம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவள் வேறு படங்கள் போட்டாள்.

இப்போது நாகர்கோவிலில் என் மகனோடு உட்கார்ந்து அந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிறேன். அவற்றில் வெற்றியும் பழிதீர்ப்பும் ஒரே பந்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. எனக்கு இரண்டும் இரண்டடி தள்ளி நின்றன. மேட்ரனின் மணிக்கட்டுக்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட வருந்தியதில்லை.

ஒன்றை மட்டும் ஆத்தேவிடமும் சொன்னதில்லை. போட்டிக்கு மறுநாள் காலை, கருவி சுற்றும் துணிகளை வாங்கச் சலவைப் பிரிவுக்குப் போனேன். லாண்டரி அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, நான் ஓடி வந்து அந்தப் பலகையைத் தொட்டனான்தானே?"

"தொட்டீங்க அக்கா. நான் பாத்தேன்."

"அப்ப ஏன் அதைச் சேர்க்கேல்ல?"

நான் துணிக்கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "ரூல் அப்படி அக்கா."

"ஓ, ரூலோ" என்றார். நம்பிவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே, அடுத்த கூடை விரிப்புகளை எந்திரத்துக்குள் தள்ளத் தொடங்கினார்.