புரிந்தது என்று அழுத்திய பெண்

திங்கட்கிழமை காலை, திருப்புலிவனம் சிவன் கோயிலுக்குப் போகும்போது பேருந்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. யார் என்ன சொன்னாலும் உடனே தலையாட்டினாள்.

"இன்னா கண்ணு படிக்கிற?"

"காஞ்சிபுரத்துல கம்ப்யூட்டர் கோர்ஸ் அக்கா. வாத்தியார் கெடையாது. இன்டர்நெட்டுல பாடம் வரும், நாமளே படிச்சிக்கணும்."

"நல்லதாப் போச்சு, அடி வுழாது!"

சிரித்தாள். "ஸ்கூல்ல மொகத்தப் பாத்தே சார் மறுபடி சொல்லுவாரு. இதுல புரிஞ்சிதுன்னு அமுத்துனாதான் அடுத்த பாடம் வருது. புரியலன்னு அமுத்த பட்டனே இல்லக்கா. எல்லாத்துக்கும் புரிஞ்சிதுன்னே அமுத்திக்கினு வந்துட்டேன். இன்னிக்குப் பரீட்சை. பெயிலானா அப்பா படிப்ப நிறுத்திடுவாரு."

ஐந்தாவதோடு நின்ற நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்? "நீ பாஸாவணும்னு ஈஸ்வரன வேண்டிக்கிறேன்" என்றேன்.

"பாஸ்லாம் அப்புறம்க்கா. பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க ஒருத்தர் வரணும்னு வேண்டிக்கோங்க."

கோயில் நிறுத்தத்தில் நான் இறங்கினேன். பேருந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. பரீட்சை தொடங்குவதற்குள் யார் வந்து அவள் பக்கத்தில் உட்காரப்போகிறார்கள்? சந்நிதியில் நின்றபோது அது நடக்காது என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் அவள் கேட்டபடியேதான் வேண்டிக்கொண்டேன்.