பவுனுக்குக் கிடைத்த வேலை

லீலா மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பொம்பளைங்களை வழிமறிக்கறார். இந்த வாரம் பாக்கறேன். மாறலைன்னா நீங்க கூட்டிட்டுப் போயிடணும்."

இந்தியில்தான் சொன்னார். பவுனின் இந்தி கிர்க்கி காய்கறிச் சந்தையில் கற்றது. கத்திரிக்காய்க்குப் போதும், இதற்குப் பதில் சொல்லப் போதாது. தலையை ஆட்டிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

திகி என்ற இடத்தில் ஒரு பழைய பங்களாவில் நடந்தது லீலா மேடத்தின் இல்லம். நினைவு தப்பிய வயசாளிகளை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். லீலா மேடம் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பவுன் தன் புருஷன் சவரிமுத்துவை அங்கே சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் கிர்க்கி வீட்டில் பவுன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமைத்தாள். ஒருநாள் செருக மறந்தாள். அவர் தண்டவாளத்தின் நடுவில் நடந்துபோய்க்கொண்டிருந்தார். ரயில்வே கேங்மேன் ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். பவுனுக்கு முழங்கால் இரண்டும் வீக்கம். அவர் நடந்தால் இவளால் ஓடிப் பிடிக்க முடியாது. சிஞ்ச்வட்டில் இருக்கும் மகள் லலிதாவுக்கும் அவள் புருஷனுக்கும் ஷிப்ட் வேலை. இந்த இடமும் போனால் வேறு இடம் கிடையாது.

ஆனால் பஸ்ஸில் அவளை அரித்தது அதுவல்ல. வழிமறிக்கிறாராம். யாரை, இந்த மனுஷனையா? சோளிங்கரில் பெண் பார்க்க வந்தபோது கடைசிவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர். "பொண்ணப் பாக்க வந்தியா, சொவரு பூச வந்தியா?" என்று அவள் சித்தப்பாவே கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய், கூடத்து மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சவரிமுத்து அவளைத் தாண்டிப் போனார். அவளை அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே தெரிவதில்லை. நல்ல மூடில் இருந்தால், "யாரு வூட்டும்மா நீ?" என்பார்.

காலைப் பலகாரத்துக்குத் தாளித்த அவல், போஹா வாசனை வந்தது. சவரிமுத்து போய்ச் சாப்பாட்டு அறையின் வாசலில் விறைப்பாக நின்றார். ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சட்டைப் பை, இடுப்பு, பேன்ட் மடிப்பு எல்லாம் தடவிப் பார்த்து உள்ளே விட்டார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரு பெரியவர் தானே கையைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்து ஒரு மராத்திக் கிழவி வந்தாள். சவரிமுத்து இடது கையை வாசலுக்குக் குறுக்கே நீட்டினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கை இறங்கவில்லை. பின்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். இல்லத்து வேலைக்காரப் பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ருக்கோ!" என்று நிற்கச் சொல்லி ஒரு அதட்டல் போட்டார்.

பவுனுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வெடிமருந்துத் தொழிற்சாலையின் வாசலில் தர்வானாக, காவலாளாக இருந்தவர் அவர். உள்ளே ஒரு தீக்குச்சி போனால் ஷெட்டே போய்விடும். அதனால் மேஸ்திரியோ ஆபீசரோ, தடவிப் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது. பெண்களைத் தர்வான் தொடக்கூடாது. அவர்களைப் பார்க்க லேடி சர்ச்சர் என்று ஓர் அம்மாள் இருந்தாள். அந்த அம்மாள் வரும்வரை எந்தப் பெண்ணும் உள்ளே போக முடியாது. ஒருநாள் அவள் லேட்டாக வந்து, ஒரு ஷிப்டே வெயிலில் நின்றதை அவர் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிப் பொருமியிருக்கிறார்.

'ரிட்டையர் ஆயிட்டீங்க' என்று சொல்லிப் பார்க்க முடியாது. முன்பு ஒரு தடவை வீட்டில் சொன்னாள். அன்றைக்குத்தான் வேலை போனதுபோல் அவர் முகம் விழுந்துவிட்டது.

பவுன் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"டூட்டிக்கு வந்துட்டேங்க."

சவரிமுத்து மேலும் கீழும் பார்த்தார். "லேட்டு."

"பஸ் கெடைக்கல."

"தெனத்துக்கும் இதே பாட்டு. சரி சரி, போயி நில்லு. எல்லாம் காத்துக்னு இருக்குது பாரு."

கை இறங்கியது. பவுன் ஒவ்வொருத்தியாகத் தடவி அனுப்பினாள். முதல் கிழவிக்குக் கூச்சம், உடம்பை நெளித்துச் சிரித்தாள். இடுப்பில் டப்பி ஒன்று அகப்பட்டது.

"இன்னாது?" என்றார் சவரிமுத்து, திரும்பாமலே.

"மிஸ்ரி டப்பிங்க. பல்லுல தேய்க்கறது."

"நெருப்பு இல்லியே? வுடு."

கிழவி உள்ளே போய்விட்டு, திரும்பி வந்து வரிசையின் கடைசியில் மறுபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் லீலா மேடம் வந்து நின்றார். ஆபீஸ் அறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். தன் முறை வந்தபோது இரண்டு கைகளையும் அகல விரித்தார். பவுன் அவரையும் தடவிப் பார்த்தாள். கோட்டுப் பையில் வெப்பமானி ஒன்றுதான் இருந்தது.

வாசல் காலியானது. சவரிமுத்து பவுனைப் பார்த்தார்.

"எல்லாரையும் நீ பாத்துட்ட. உன்ன யாரு பாக்கறது?"

பவுன் கைகளைத் தூக்கினாள். "நீங்களே பாருங்க."

அவர் சட்டென்று பின்வாங்கினார். "சேச்சே, இன்னா பேச்சு பேசற? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா. வூட்ல பவுன் இருக்குது."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"அந்தப் பவுன் எப்பிடி? நல்ல மாதிரியா?" என்று கேட்டாள்.

"வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி." அவர் யோசித்தார். "அது கைல சோறு துன்னா வேற எதுவும் எறங்காது. நீ போயி நாஷ்டா பண்ணு, போ."

பவுன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லீலா மேடம் அருகில் வந்து, "என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"நாளைக்கும் வரச் சொல்றார்."

"சீக்கிரம் வந்துடுங்க," என்றார் லீலா மேடம். "போஹா ஆறிப்போகுது."