லேசான துப்பாக்கியின் உதை

தூக்க லேசாக இருக்கவேண்டும், பெரிய மிருகம் ஒரே வெடியில் விழவேண்டும், தோளும் நோகக்கூடாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்காத வாடிக்கையாளரை, லண்டன் துப்பாக்கிக் கடையொன்றில் நின்ற ஏழு வருடத்தில் நான் அபூர்வமாகவே கண்டேன்.

செருப்புக் கடையிலும் தொலைபேசிக் கடையிலும் நின்று கால் வீங்கிய தோழர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பொருளின் ஒரு நல்ல குணம் இன்னொரு நல்ல குணத்துக்கு எதிரி என்பதை வாங்க வந்தவரிடம் சொல்வது நம் தலையில் விழுந்த வேலை. எங்கள் தொழிலில் அந்தப் பகை மிக நேரடியானது. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாகத் தோளில் திருப்பி உதைக்கும். தோட்டா பெரிதாகப் பெரிதாக அந்த உதையும் கூடும்.

இருபத்துநாலு பக்கப் படிப்பு

நான் பல்கலைக்கழக வாசலை மிதித்தவன் அல்ல. கூலி, முதல், புரட்சி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நடுவில் கம்பி அடித்த இருபத்துநாலு பக்கப் பிரசுரங்களில் இருந்து வந்தவை. அதை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஆலை வாசலில் நின்றேன், நோட்டீஸ் எழுதினேன், அச்சடித்தேன், அடியும் வாங்கினேன். பிறகு எங்களில் இளையவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். முதலில் ஆட்களைத் திரட்டுங்கள், துப்பாக்கியை அவர்களுக்காகப் பேச விடாதீர்கள் என்று எழுதினேன். ஒருநாள் அவர்களில் நாலு பேர் வீட்டு முற்றத்துக்கு வந்து, மரியாதையாகத்தான், ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். போகிற போக்கில் ஒருவன், "உமக்குப் பயம்" என்றான். நான் விட்டுவிட்டு வந்த கடைசி நோட்டீஸின் கடைசி வரி, "பயத்தினால் அல்ல, கொள்கையினால்."

லண்டனில் ஒரு ஏஜென்சி என்னைப் பெட்டி கட்டும் வேலைக்கு அனுப்பியது. போய்ப் பார்த்தால் துப்பாக்கிக் கடையின் நிலவறை. சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க அங்கே தோட்டாக் கம்பனிகளின் பிரசுரங்கள்தான் கிடந்தன. எந்தத் தோட்டா எவ்வளவு எடை, என்ன வேகம், முன்னூறு கெஜ தூரத்தில் எத்தனை அங்குலம் தாழும் என்றெல்லாம் அட்டவணை. அதே இருபத்துநாலு பக்கம், அதே கம்பி. பழக்கதோஷம், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். ஒருநாள் மேலே பெட்டி கொண்டுபோனபோது விற்பனையாளர் ஒரு கேள்விக்குத் திணறினார். நான் பதில் சொன்னேன். அடுத்த வாரம் முதலாளி ஹார்ட்லி எனக்கு ஒரு கழுத்துப்பட்டியைத் தந்து கவுண்டரில் நிறுத்தினார். விற்பேன், ஆனால் ஒருநாளும் சுடமாட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் சிரித்தார். "நல்லதுதான். இறைச்சிக் கடையில் சைவக்காரன் நின்றால் நிறுவை சரியாக இருக்கும்."

ஆறு இறாத்தல் பெருமை

வங்கியில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஸ்கொட்லாந்து மலையில் கலைமான் வேட்டைக்குப் புறப்பட்டார். ஆறு இறாத்தல் துப்பாக்கி வேண்டும், மூன்று கிலோகூட வராது, அதில் .300 மக்னம் என்ற பலத்த தோட்டா வேண்டும் என்றார். மலையேற லேசானது நல்லதுதான், ஆனால் அந்த மானுக்கு அத்தனை வெடிமருந்து தேவையில்லை, 6.5 மில்லிமீற்றர் தோட்டா போதும், அது தோளைத் தட்டிக் கொடுப்பதுபோல்தான் இருக்கும் என்றேன். காலிபர் என்பது குழலின் வாயகலம். அது ஆளின் நெஞ்சகலம் அல்ல என்றும் சொல்லியிருப்பேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என் நிறத்தை ஒருதரமும் என் கழுத்துப்பட்டியை ஒருதரமும் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

கதவு மூடியதும் ஹார்ட்லி வந்தார். அவர் கெட்டவர் அல்ல. கடை அவர் தகப்பன் தொடங்கியது, வாடகை அந்த விலைகூடிய தெருவுக்கு ஏற்றது. கண்ணாடியை மெதுவாகத் துடைத்தபடி சொன்னார்: "உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை அவர் வாங்கின பிறகும் சொல்லலாம்."

காலிபர் கேட்காத மான்

வருடத்துக்கு ஒருமுறை வடக்கிலிருந்து ஒரு அம்மா வருவார். பெரிய பண்ணையொன்றில் மான் தொகையைக் குறைப்பது அவர் வேலை. என் தோளுக்குக் கீழே நிற்கும் உயரம், மழைக்கோட்டில் எப்போதும் நாய் மயிர். அவருடைய துப்பாக்கி சிறிய காலிபர், பார்க்க ஏழ்மையாக இருக்கும். ஒருநாள் ஹார்ட்லி என்னை முந்திக்கொண்டு, புதிதாக வந்திருந்த லேசான .338 மக்னத்தை அவர் கையில் வைத்தார். கரடிக்கும் எருமைக்கும் செய்த சாமான், தூக்கினால் குடை மாதிரி. அம்மா ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தார், மேசையில் வைத்தார், வழமையான தோட்டாப் பெட்டியைக் கேட்டார். நான் பொட்டலம் கட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "முப்பது வருடமாகச் சுடுகிறேன். இதுவரைக்கும் ஒரு மானும் என்னிடம் காலிபர் கேட்டதில்லை."

அந்த .338 மறுபடியும் சுவரில் ஏறியது. அதை மறந்துவிடாதீர்கள்.

ஆர்ச்வேயில் அன்னதானம்

நான் சாமி கும்பிடுகிறவன் அல்ல. லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு மனைவி கும்பிடப் போவார், நான் சாப்பிடப் போவேன். அங்கே ஒருநாள் தவராசா அகப்பட்டான். ஊரில் என் நோட்டீஸ்களைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டவன். பிரான்சில் பத்து வருடம் இருந்துவிட்டு இப்போது வெஸ்ட் ஈலிங்கில் மீன்கடை. என்ன வேலை என்று கேட்டான். சொன்னேன். கையில் இருந்த சோற்றுக் கோப்பை குலுங்கச் சிரித்தான்.

"தோழர் துவக்குக் கடையில!" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னான். "இதைக் கேட்டால் அங்க செத்தவங்களும் எழும்பி வருவாங்கள்."

விற்கிறது வேறை, சுடுகிறது வேறை என்றேன். நான் இன்றுவரைக்கும் ஒரு துவக்கும் சுட்டதில்லை என்றேன். அது உண்மை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தவராசா சிரிப்பை நிறுத்தினான். அவனுடைய தம்பி துப்பாக்கி எடுத்தவன், திரும்பி வரவில்லை. "அண்ணை, அங்க எங்கட பெடியள் துவக்குத் தூக்கக்கூடாதெண்டு எழுதினனீங்கள். இஞ்ச வெள்ளைக்காரனுக்கு எந்தத் துவக்கு தூக்க லேசு எண்டு சொல்லிக் குடுக்கிறியள்."

டாக்டர் தேடிய பெரிய தோட்டா

குணசேகரன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே டாக்டராக நின்றுவிட்டவர். கடையில் தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து "அண்ணே" என்று ஒட்டிக்கொண்டார். கூட வேலை செய்யும் ஆங்கிலேய டாக்டர்களோடு நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறவர். போன முறை முறுக்குக்கொம்பு மான் ஒன்றைச் சுட்டார். அது காயத்தோடு ஓடிவிட்டது. இரண்டு நாள் இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள், கிடைக்கவில்லை. கூட வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் அவரை அதிகம் சுட்டிருக்கிறது. இந்த முறை ஈலண்ட் சுடப் போகிறார், மாடு அளவு பெரிய மான். "இனிமே எதுவும் காயத்தோட ஓடக்கூடாதுண்ணே. அதுக்கு எவ்வளவு பெரிய தோட்டா வேணுமோ அதைக் குடுங்க" என்றார். வீட்டில் அவரிடம் நடுத்தரக் காலிபர் துப்பாக்கி ஒன்று, .30-06, இருந்தது. ஒன்பது இறாத்தல், பழைய மரப்பிடி. அதன்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஹார்ட்லி சுவரைப் பார்த்தார். .338 இன்னும் அங்கேதான் இருந்தது. பொலிஸ் சான்றிதழில் அந்தக் காலிபரை எழுதுவிக்க ஆபிரிக்காப் பயணம் போதிய காரணம், படிவம்கூட ஹார்ட்லி எடுத்து வைத்துவிட்டார். டாக்டர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் அந்த வருடம் கெடுத்த விற்பனைகளை விரல் விட்டுச் சொன்னார். இதையும் கெடுத்தால் கவுண்டரில் எனக்கு இடமில்லை, மறுபடியும் நிலவறைதான் என்றார். தோழர்களே, அந்தக் கவுண்டர் எனக்குச் சின்ன விஷயம் அல்ல. இந்த நாட்டில் நான் பேச, மற்றவர்கள் நின்று கேட்ட ஒரே இடம் அது. நான் யோசித்து, டாக்டர் வாங்குமுன் ஒருமுறை சுட்டுப் பார்க்கட்டும் என்று மட்டும் கேட்டேன். ஹார்ட்லி ஒத்துக்கொண்டார். "சுட்டுப் பார்க்கட்டும். ஆனால் நீ வாய் திறக்கக்கூடாது."

மருந்தில்லாத தோட்டா

ஞாயிறு காலை, எசெக்ஸ் பக்கம் ஒரு சுடுதளம். அதைப் பார்த்துக்கொள்பவர் கீத், ஓய்வுபெற்ற சிப்பாய். அவரிடம் ஒரு வழக்கம். சுடுபவர் கையில் தோட்டா கொடுக்கமாட்டார். முதுகைத் திருப்பி நின்று தானே துப்பாக்கிக்குள் போட்டுத் தருவார். இடைக்கிடை மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்துவிடுவார். சுடுபவருக்கு எது எதுவென்று தெரியாது.

டாக்டர் .338 ஐ இரண்டு தரம் சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் அவர் தொப்பி பின்னால் போனது. மூன்றாவது தரம் விசையை இழுத்தார். வெடிக்கவில்லை, 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் துப்பாக்கியின் மூக்கு கிணற்று வாளி மாதிரிக் கீழே போனது. உதை வருமுன்பே அவர் உடம்பு உதைக்கு ஒதுங்கியிருந்தது. வெடிக்கும்போது அது வெளியே தெரியாது, வெடியோடு மறைந்துவிடும். பிறகு பழைய .30-06 இலும் கீத் அதையே செய்தார். அதிலும் மூக்கு தாழ்ந்தது, குறைவாக, ஒரு அங்குலம். நமீபியாவில் காயத்தோடு ஓடிய மானின் கதை முழுவதும் அந்த ஒரு அங்குலத்தில் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

டாக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தன் பழைய துப்பாக்கியை என் பக்கம் நீட்டினார். "நீங்க ஒரு தடவை சுடுங்கண்ணே. உதையை எதிர்பார்க்கிற ஆள் எப்படி இருப்பான்னு எனக்கு வெளியிலேருந்து பார்க்கணும்."

நான் சுடுறேல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் இரண்டு தரம் எங்கள் முன்னால் வெட்கப்பட்டிருந்தார். நான் கொள்கையைச் சொல்லித் தப்பினால் அது அவரைத் தனியே விட்டதாகும். இன்னொன்றும் இருந்தது, மறைப்பானேன்: எனக்கு உதையைப் பற்றி எல்லாம் தெரியும், அட்டவணையோடு தெரியும், நான் அசையமாட்டேன் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். கீத் முதுகைத் திருப்பி, தோட்டா போட்டுத் தந்தார். தோளில் பிடியை அழுத்தினேன். பிரசுரத்தில் போட்டிருந்தபடி மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். இழுத்தேன்.

'டிக்.'

கண்ணைத் திறந்தபோதுதான் மூடியிருந்தது தெரிந்தது. தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. குழல் மேசையைப் பார்த்தது. என் வாழ்க்கையின் முதல் தோட்டாவாகக் கீத் எனக்குப் போட்டது போலி. பக்கத்தில் டாக்டர் குனிந்து, கேலி ஒன்றும் இல்லாமல், நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்: "இன்னும் ஒரு வெடிகூட வெடிக்கலையே அண்ணே, எதுக்குப் பயந்தீங்க?"

மீண்டும் நிலவறை

துப்பாக்கியைக் கீத்திடம் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது தோட்டாவும் வாங்கவில்லை, எழும்பிவிட்டேன். காரில் திரும்பி வரும்போது மனோர் பார்க் வரைக்கும் அந்தப் பழைய முற்றத்தில் நின்ற நாலு பேரின் முகங்கள்தான் வந்தன. அவர்களில் யாருக்கும் கீத் போல ஒரு வாத்தியார் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் பயத்தை வெடிச் சத்தத்தில் மறைத்தார்கள். நான் நல்ல தமிழில் மறைத்தேன்.

டாக்டர் .338 வாங்கவில்லை. பழைய துப்பாக்கியின் பிடிக்கு ஒரு ரப்பர் மெத்தையும், பாரமான குண்டு வைத்த நாலு பெட்டித் தோட்டாவும், ஒரு கைப்பிடி போலித் தோட்டாவும் வாங்கினார். வசந்தகாலம் முழுக்க ஞாயிறுகளில் கீத்திடம் போனார். சுட்டுப் பார்க்கவைத்தது என் யோசனை, ஹார்ட்லியும் சொன்ன சொல் தவறாதவர். திங்கட்கிழமை என்னை நிலவறைக்கு அனுப்பினார். கழுத்துப்பட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியபோது அவர் முகம் நன்றாக இல்லை, அதையும் சொல்லவேண்டும்.

ஆனி மாதம் நமீபியாவிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. இரண்டு நாள் ஈலண்ட் எதிரே நின்றும், மூச்சு சரியில்லை என்று துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாராம். மூன்றாம் நாள் சுட்டாராம். கடைசி வரி இது: "கண்ணைத் திறந்தபடியே சுட்டேன் அண்ணே, அது விழுந்ததை நானே பார்த்தேன்."

'பயத்தினால் அல்ல, கொள்கையினால்' என்று எழுதிவிட்டு வந்தவனை இப்போது யாராவது கேட்டால் 'இரண்டினாலும்தான்' என்று சொல்லும் அளவுக்கு, என் கையில் ஒருமுறைகூட வெடிக்காமலே ஒரு துப்பாக்கி என் கடைசி நோட்டீஸைத் திருத்திவிட்டது.