சோதினை முடியும் வரைக்கும்

அப்பா செத்தபோது நான் நிகழ்தகவு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பைக்குள் சிவப்புப் பந்துகளும் நீலப் பந்துகளும் இருக்கும். பார்க்காமல் கையை விட்டால் எது வரும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. இது நான் பிற்பாடு யோசித்துப் பொருத்திப் பார்த்தது. அன்றைக்கு ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அவரை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்த பிறகும் சொல்லவில்லை. எனக்குச் சோதினை இருந்தது.

அது என்ன பெரிய சோதினை என்று கேட்பீர்கள். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். தொழிற்படிப்பு முடித்த சான்றிதழ் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கிழடுகளைக் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், ஆனால் தாதியாக முடியாது. தாதிப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் போகவேண்டும். என்னைப் போலத் தொழிற்படிப்பில் வந்தவர்கள் அங்கே போவதற்கு முன் இன்னொரு வருடம் கணிதம், மொழி, வரலாறு எல்லாம் படித்து முடிக்க வேண்டும். அந்த ஒரு வருடத்துக்கு இங்கே போபிக் என்று பெயர். கணிதத்தில் ஆறுக்கு மூன்றாவது எடுக்காதவளைத் தாதிப் படிப்புக்கு எடுக்கமாட்டார்கள். நான் போன வருடம் இரண்டு எடுத்து வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தியவள். இது இரண்டாம் தடவை.

எனக்கு இந்தப் படிப்பில் ஆசை இருந்தது உண்மை. என்னிலும் பாதி வயதுப் பெட்டைகள் தாதி என்ற பட்டையைக் குத்திக்கொண்டு வந்து, நான் பார்த்துச் சொன்ன வருத்தத்தைத் தாங்கள் கண்டுபிடித்ததுபோல வைத்தியருக்குச் சொல்லுவார்கள். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்னிலும் பார்க்க ஆசை அண்ணாவுக்கு. எங்கள் வீட்டில் முதலில் நோர்வேக்கு வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து நாட்டின் வடக்குக் கோடியில் ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் நிற்கிறார். ஊரில் உயர்தரச் சோதினைக்கு விழுந்து விழுந்து படித்தவர். சோதினை நெருங்க, சண்டை வந்து ஊரே பெட்டி படுக்கையோடு எழும்பி ஓடியது. அவரும் ஓடினார். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுத்தால் சுகம் கேட்கமாட்டார். எத்தனையாம் அத்தியாயம் என்றுதான் கேட்பார்.

செய்தி முதலில் அவருக்குத்தான் போனது. அவர் என் கணவருக்கு எடுத்திருக்கிறார். இவர் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து, குளியலறைக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினார். பிறகு குசினிக்கு வந்து, அண்ணா கதைத்ததாகவும், நான் போனை நோண்டிக்கொண்டு படிப்பைக் கோட்டை விடுகிறேன் என்று அண்ணா கவலைப்படுவதாகவும், சோதினை முடியும்வரை போனைத் தன்னிடம் தரட்டாம் என்றும் சொன்னார். நான் சந்தோசமாகத் தூக்கிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் உடல் குளிர முதலே இணையத்துக்கு வந்துவிடும். என் கண்ணில் அது படக்கூடாது என்று செய்த வேலை அது. இவ்வளவு அக்கறையான மனிதரை எனக்குக் கட்டித் தந்த அப்பாவை அன்றைக்கு மனதுக்குள் மெச்சினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை. மரக்கறி சாப்பிட்டால் மூளை இலேசாக இருக்குமாம். மீன் இல்லாமல் சோற்றைத் திரும்பியும் பார்க்காத மனிதர் பருப்பையும் கீரையையும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அந்த வெள்ளி குனிய முடியாமல் நாரி பிடித்துவிட்டது என்று படுத்துக்கொண்டார். நான் சோதினைக்கு ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும், தனியாகவாவது போய்வருகிறேன் என்றேன். வேண்டாம், பயணத்தில் களைத்துப்போவீர் என்று மறித்தார். செத்த வீட்டுத் துடக்கோடு நான் கோயில் வாசலை மிதித்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. பொய் சொல்லலாம், ஆனால் துடக்கு மட்டும் காக்கவேண்டும். அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் குறொன்லாண்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கோயிலில் பழக்கமான ஒரு அக்கா என்னைக் கண்டதும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டா. காசு வாங்குமிடத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சடாரென்று குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வயதில் இவளுக்குப் படிப்பு ஒரு கேடா என்று என்னைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒஸ்லோவில் உள்ள தமிழர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

அம்மாவோடு ஒரு தடவை கதைத்தேன். இவர் பக்கத்தில் நின்று போனைப் பிடித்திருந்தார். அம்மாவின் கமெரா பழுதாம். குரல் அடைத்திருந்தது, தும்மலும் தடிமனும் என்றா. பின்னால் கதிரைகள் இழுபடும் சத்தமும் சனத்தின் சத்தமும் கேட்டன. கேட்டதற்கு, பக்கத்து வீட்டில் விசேசம் என்றா.

"அப்பா எங்கை அம்மா?"

"குளிக்கப் போட்டார் பிள்ளை. நீ சோதினையை வடிவாச் செய்."

எழுதினேன், வடிவாகத்தான் எழுதினேன். பந்துக் கணக்கும் வந்தது. வெளியே வந்தபோது வெயில் எறித்தது, தலையில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் சப்பாத்துகள். சோதினை மறுமொழி வர முதலே ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறாரே இந்த மனிதர் என்று சிரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். சமையல் மணம் எதுவும் வரவில்லை. உறவுக்காரர் சுவரோரமாக இருந்தார்கள். பெண்கள் எழும்பி என்னை நோக்கி வந்தார்கள்.

இவர், "இதிலை இரும்," என்று கதிரையைக் காட்டினார். பிறகு, "மாமா எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார்.

எப்போது என்று கேட்டேன். நாளைச் சொன்னார். நான் போனைக் கொடுத்த நாள் அது.

"அப்ப குளிக்கப் போனது ஆர்?" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். அங்கே இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை, அதிர்ச்சியில் பிதற்றுகிறாள் என்று என் தலையைத் தடவினார்கள்.

எங்கள் முதியோர் இல்லத்தில் யாருக்காவது கடைசி நேரம் நெருங்கினால் உறவினரை உடனே கூப்பிட வேண்டும். எந்த நேரமென்றாலும் கூப்பிட வேண்டும், பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசிப்பது எங்கள் பொறுப்பல்ல. எத்தனையோ வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நான் அப்படி எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு வழியில்லாமல் போனது.

செத்த வீட்டு வீடியோவை இவர் பஸ் தரிப்பிடத்தில் இருந்து நேரலையாகவே பார்த்திருக்கிறார். நான் பிறகுதான் பார்த்தேன். அண்ணா வந்து சேரும்வரை அப்பாவை எடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள். எனக்காகவும் வைத்திருக்கலாம். வாய்க்கரிசி போடும் இடத்தில் சனம் நெருக்கியடித்தது. யாரோ ஒரு கிழவி, மகள் வரவில்லையோ என்று கேட்கிறா. யாரோ ஒருவர், "அவளுக்குச் சோதினை," என்கிறார். கேட்ட கிழவி தலையாட்டுகிறா. சுற்றி நின்றவர்களும் தலையாட்டுகிறார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அப்பா கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணா ஹம்மர்பெஸ்டுக்குத் திரும்பி வந்த பிறகு நானாகவே எடுத்தேன். கத்த வேண்டும் என்றுதான் எடுத்தேன். அவருடைய களைத்த குரலைக் கேட்டதும் கத்த வரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வந்திருப்பாய். சோதினை ஒருக்காப் போனாப் போனதுதான். அது எனக்குத் தெரியாததே?"

"இஞ்சை அப்பிடி இல்லை அண்ணா. தகப்பன் செத்துப்போனார் எண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை சொன்னாக் காணும். அடுத்த முறை எழுத விடுவினம். ஒரு வருசம் பிந்தியிருக்கும், அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கடற்பறவைகள் கத்துவது கேட்டது.

"எங்களுக்கு அது தெரியாது," என்றார்.

"எனக்குத் தெரியும்."

"உன்னட்டை எப்பிடியம்மா கேக்கிறது?"

அவர் சொன்னது சரிதான். எங்கள் குடும்பத்திலேயே அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேட்கக்கூடாத ஆளும் நான்தான். இவர் இத்தனை வருடமாக இந்த நகரத்தின் தெருவெல்லாம் பஸ் ஓட்டுகிறார். விசாரித்துப் பார்ப்போம் என்று அவருக்குக்கூடத் தோன்றவில்லை. சோதினை என்றால் ஊரில் இருந்த சோதினைதான் இரண்டு பேருக்கும். அண்ணா இழந்த சோதினையை என்னைக் கொண்டு எழுதுவித்துவிட்டார்கள்.

கணிதத்தில் நான்கு எடுத்திருந்தேன். கேட்டதிலும் ஒன்று கூட. கோடையில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி கணினியில் வந்தது. வேண்டுமா வேண்டாமா என்று நான் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று அழுத்த எனக்கு அவ்வளவு ஆசை. இவர் முகமும் அண்ணா முகமும் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன், இனித்தது. பிறகு யோசித்தேன். வேண்டாம் என்றால், அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டதற்கு மிச்சமென்று ஒன்றுமே இருக்காது. அந்த மனிதர்கள் எனக்கு வேறு வழி வைக்கவில்லை. வேண்டும் என்பதை அழுத்தினேன்.

அன்று பின்னேரம் அண்ணா எடுத்தார். பல்கலைக்கழகத்தால் ஏதும் மறுமொழி வந்ததா என்று கேட்டார். காலையிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறதாம், வேலையில் கை ஓடவில்லையாம்.

"இன்னும் வரேல்லை அண்ணா," என்றேன். என் குரல் கொஞ்சமும் மாறவில்லை.